வால்வு கிடார் ஆம்ப்: 4, 8, 16 ஓம்… ஸ்பீக்கரை எந்த ஜாக்கில் செருகணும்?

வார நாளில் ஆபீஸ், வார இறுதியில் பேண்ட். இது உங்க கதை என்றால், செகண்ட் ஹேண்டில் ஒரு வால்வு ஆம்ப் வாங்கும் ஆசை என்றாவது வந்திருக்கும். வாங்கித் திருப்பிப் பார்த்தால், பின்னால் 4, 8, 16 என்று மூன்று ஜாக். உங்க ஸ்பீக்கர் கேபினெட்டிலோ ஒரே ஒரு எண். எதை எதில் செருகுவது?

சுருக்கமான பதில்: இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 8 ஓம் கேபினெட் என்றால் 8 ஓம் ஜாக். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான், மேடை அவசரத்தில் தப்பு நடக்காது.

வால்வு ஆம்பில் ஏன் இந்தக் கணக்கு?

வால்வு அதிக வோல்டேஜ், குறைந்த கரண்ட்டில் வேலை செய்யும். ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்டேஜ், அதிக கரண்ட். இரண்டுக்கும் நடுவில் தரகர் வேலை பார்ப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவிலும் இதே ஏற்பாடுதான்.

இந்தத் தரகருக்குத் தெரிந்தது ஒரு விகிதம் மட்டுமே. 8 ஓம் ஸ்பீக்கரை வால்வுகளுக்கு 4,000 ஓம் சுமையாகக் காட்டும்படி சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 500 மடங்கு. அதே ஜாக்கில் 16 ஓம் கேபினெட்டைச் செருகினால், வால்வுகளுக்குத் தெரிவது 8,000 ஓம். 4 ஓம் செருகினால் 2,000 ஓம்தான்.

தப்பாகச் செருகினால் என்ன ஆகும்?

சுமை குறைந்தால் வால்வுகள் கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடாகி சீக்கிரம் தேயும். சுமை கூடினால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறும்; அதன் இன்சுலேஷனுக்கு ஆபத்து. ஒரு படி வித்தியாசத்தை, அதாவது 8-இல் 16 அல்லது 4 என்பதை, நல்ல நிலையில் உள்ள பல ஆம்ப்கள் தாங்கும். பவர் குறையும், டோனும் மாறும். உங்க ஆம்பின் மேனுவல் கூடாது என்றால் கூடாதுதான். 4-க்கான ஜாக்கில் 16 போன்ற இரண்டு படி வித்தியாசம் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட மோசமானது, ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பது. பக்கத்து ஃபிளாட்டில் புகார் வருகிறதே என்று ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ரெக்கார்ட் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது டிரான்ஸ்ஃபார்மரில் தேங்கும் ஆற்றலுக்குப் போக வழியில்லை. வோல்டேஜ் பாய்ந்து வால்வு சாக்கெட்டில் பொறி தட்டலாம், டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். பல பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால் தானாகவே ஷார்ட் ஆகும்படி அமைத்திருப்பது இதற்காகத்தான்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அதில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பொதுவாகப் பிரச்னை இல்லை, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. வால்வு ஆம்பில் கதை தலைகீழ்.

இரண்டு கேபினெட் மாட்டினால்?

ஆம்பில் ஒரே ஓமுக்கு இரண்டு ஜாக் இருந்தால், அவை பெரும்பாலும் பேரலல் இணைப்பில் இருக்கும். பள்ளியில் படித்த கணக்குதான்:

• 8 + 8 ஓம் பேரலல்: 4 ஓம்
• 16 + 16 ஓம் பேரலல்: 8 ஓம்
• 8 + 8 ஓம் சீரிஸ்: 16 ஓம்
• 8 + 16 ஓம் பேரலல்: சுமார் 5.3 ஓம். இதில் 8 ஓம் கேபினெட்டுக்கு இரண்டு மடங்கு பவர் போகும். அது தாங்குமா என்று பாருங்க.

நான்கு ஸ்பீக்கர் பெட்டியிலும் இதேதான். மார்ஷல் 1960ஏ-வில் நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்கள் சீரிஸ்-பேரலலில் சேர்ந்து 16 ஓம் ஆகின்றன. ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏவில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் முழுக்க பேரலல் என்பதால் 2 ஓம்.

லேபிள் கிழிந்திருந்தால்?

ஆம்பிலிருந்து கழற்றிய கேபினெட்டை மல்டிமீட்டரால் அளந்து பாருங்க. மீட்டர் காட்டுவது கம்பிச் சுருளின் டிசி மின்தடை. அது லேபிள் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். 6 முதல் 7 என்றால் 8 ஓம் கேபினெட், 12 அல்லது 13 என்றால் 16 ஓம், 3-க்கு மேல் கொஞ்சம் என்றால் 4 ஓம்.

ஆன் செய்வதற்கு முன்…

• முதலில் ஸ்பீக்கர், பிறகு பவர். ஆன் செய்தபின் ஓம் ஸ்விட்சைத் தொடாதீங்க.
• கிடார் ஒயரை ஸ்பீக்கருக்குப் போடாதீங்க. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லிசு. தடிமனான ஸ்பீக்கர் கேபிளே வேண்டும்.
• ஸ்பீக்கர் அவுட்டை நேராக மிக்ஸரில் செருகாதீங்க. சத்தமில்லாமல் ரெக்கார்ட் செய்ய, ஆம்பின் ஓமுக்கும் வாட்டுக்கும் பொருந்தும் லோட் பாக்ஸ் வாங்குங்க.
• வாடகை ஆம்ப் என்றால் சவுண்ட்செக்குக்கு முன்பே பின்பக்கம் போய் ஜாக்கையும் எண்ணையும் நீங்களே பாருங்க.

வால்வு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அது தேயும் பொருள்தான். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதே அளவில் இன்னொன்றைத் தேடி, தெரிந்த மெக்கானிக்கையும் தேட வேண்டும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்த, இரண்டு எண்களைப் பார்க்கும் அரை நிமிடம் போதும்.