கறுப்பு கோட்டுக்கு ஏன் கத்தரிப்பூ நிறம்?

2006-இல் ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் எம்8 கேமராவை வெளியிட்டது. புகழ்பெற்ற எம் வரிசையின் முதல் டிஜிட்டல் கேமரா அது. ஆவலோடு வாங்கியவர்கள் விரைவிலேயே ஒரு விநோதத்தைக் கண்டார்கள். கறுப்பு கோட் அணிந்தவரைப் படமெடுத்தால், சில கோட்டுகள் கத்தரிப்பூ நிறத்தில் பதிவாயின.

காரணம் அகச்சிவப்புக் கதிர். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் காணும். கேமரா சென்சாரின் சிலிக்கனோ சுமார் 1,100 நானோமீட்டர் வரை உணரும். செயற்கை இழைத் துணிகள் பலவற்றின் கறுப்புச் சாயம், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கினாலும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்சார் மீதுள்ள சிவப்பு, பச்சை, நீல வண்ண வடிகட்டிகளும் அதைத் தடுப்பதில்லை. கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பும் நீலமும் மேலோங்கிவிடுகின்றன. அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பும் செடிகொடிகளின் பச்சையும் இப்படியே திரிகிறது.

பெரும்பாலான கேமராக்களில் இக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி சென்சாருக்கு முன்பே இருக்கும். எம்8-இல் அது அரை மில்லிமீட்டர்தான். எம் வரிசை லென்ஸ்கள் சென்சாருக்கு மிக அருகில் அமைபவை. ஓரங்களில் ஒளி சாய்வாக விழும். கண்ணாடி தடித்தால் ஓரங்களில் படத்தின் துல்லியம் கெடும்.

கணினியில் நிறத்தைத் திருத்தினால் போதாதா? போதாது. கறுப்பு கோட்டும் உண்மையிலேயே கத்தரிப்பூ நிறமான சேலையும் ஒரே எண்களாகப் பதிவான பிறகு, எது எதுவென்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. சென்சாரைத் தொடுமுன்பே கதிரைத் தடுத்தாக வேண்டும்.

லைக்கா அதைத்தான் செய்தது: எம்8 வாங்கியவர்களுக்கு, லென்ஸின் முன் திருகிப் பொருத்தும் இரண்டு ஃபில்டர்களை இலவசமாகத் தந்தது. கண்ணாடிமீது படிந்த மெல்லிய அடுக்குகள் அகச்சிவப்பை எதிரொளித்துத் திருப்பிவிடும். ஆனால் ஒளி சாய்வாக நுழையும்போது, இந்த அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும் சிவப்பிலும் கொஞ்சத்தை வெட்டிவிடுகின்றன. அதனால் அகலக்கோண லென்ஸில் எடுத்த படங்களின் மூலைகள் நீலப்பச்சையாயின. லென்ஸின் பின்புறக் குறியீட்டைக் கேமரா படித்து, எந்த லென்ஸ் என்றறிந்து, மூலைகளின் நிறத்தைத் தானே சரிசெய்தது. இந்தப் பிழை எல்லாப் படத்திலும் ஒரே ஒழுங்கில் வருவதால் அங்கே கணக்கு கைகொடுத்தது. 2009-இல் வந்த எம்9-இல் தடுப்புக் கண்ணாடியைத் தடிமனாக்கியதும் வெளி ஃபில்டரின் தேவை நீங்கியது.

சிக்கல் பழங்கதையாகிவிடவில்லை. கடும் வெயிலில் வீடியோ எடுப்போர் ஒளியைக் குறைக்க என்.டி. ஃபில்டர் மாட்டுகிறார்கள். சாதாரண என்.டி. ஃபில்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கும் அளவுக்கு அகச்சிவப்பைக் குறைப்பதில்லை; அதன் பங்கு கூடி, கறுப்புத் துணி செம்பழுப்பாகிவிடும். அடர்த்தியான என்.டி. ஃபில்டர் வாங்குவோர், அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். படப்பிடிப்புக்கு முன் ஒரு கறுப்பு பாலியெஸ்டர் துணியை வெயிலில் விரித்துச் சோதித்துப் பாருங்கள்.