வாய் வறண்டால் வயதைக் குறை சொல்லலாமா?

இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர்ச் செம்பைத் தேடும் முதியவர்கள் பல வீடுகளில் உண்டு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரஸ்க் துண்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிவதில்லை. பல் செட் நழுவுகிறது. "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டார் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், மாதக்கணக்கில் நீடிக்கும் வாய் வறட்சிக்கு வயதை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல.

உமிழ்நீரின் வேலை

காதோரம், கீழ்த்தாடைக்கு அடியில், நாக்கின் கீழ் என 3 ஜோடிப் பெரிய சுரப்பிகளும், நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் 1.5 லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. உணவை நனைப்பது மட்டுமல்ல, அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பதும், கிருமிகளை அடக்குவதும் அதன் பணியே. அது குறைந்தால் ஈறோரத்தில் பல் சொத்தை விரைந்து பரவும். நாக்கில் காளான் படிந்து எரியும்.

காரணம் எங்கே?

பெரும்பாலும் மருந்துப் பெட்டியில்தான். சளி, ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர் பிரியும் மாத்திரைகள் எனப் பலவும் சுரப்பைக் குறைக்கக்கூடியவை. அடங்காத நீரிழிவும், வாயால் மூச்சு விடுவதும் அடுத்த காரணங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சுரப்பிகள் நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். வாயோடு கண்ணும் வறண்டு உறுத்தினால் 'ஷோகிரன்' நோயா என்று பார்க்க வேண்டும். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்றிக் ஷோகிரன் 1933-ல் விரிவாக விளக்கிய இந்நோய், பெண்களையே அதிகம் தாக்குகிறது.

செய்ய வேண்டியவை

உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. அவர் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், அடிக்கடி ஒவ்வொரு மிடறாகப் பருகலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது எஞ்சியுள்ள சுரப்பைத் தூண்டும். புளூரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவதால், இரவில் துலக்குவதைத் தவறவிடலாகாது. 6 மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது.

பெங்களூரின் மாசி, பங்குனி மாதங்களைப் போல் காற்று உலர்ந்திருக்கும் காலத்தில் மூக்கடைப்பைக் கவனித்தால் பாதித் தொல்லை குறையும்.

தவிர்க்க வேண்டியவை

வாய் ஊறட்டும் என்று எலுமிச்சம்பழத் துண்டையோ, புளிப்பு மிட்டாயையோ நாள் முழுதும் சப்புவது பலரின் பழக்கம். உமிழ்நீர் குறைந்த வாயில் அந்த அமிலமும் சர்க்கரையும் பல்லை அரித்துவிடும். புகையிலை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு, மது, மதுச்சத்து கலந்த வாய் கொப்பளிக்கும் நீர் ஆகியவை ஆகா. காப்பி, டீயையும் குறைத்துக்கொள்வது நலம்.

இவற்றால் தீராதவர்களுக்குச் செயற்கை உமிழ்நீரும், சுரப்பைத் தூண்டும் 'பைலோகார்பின்' மாத்திரையும் உண்டு. ஆனால் கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும், சிலவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு இம்மாத்திரை ஏற்றதல்ல. ஆகவே மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது.

வறட்சி என்பது நோயல்ல, அறிகுறி. காரணத்தைக் கண்டுபிடித்தால் பல்லும் பிழைக்கும், சோறும் ருசிக்கும்.