மின்சுற்று முறிப்பான்: மின்னோட்டத்தை உணர்தலும் பழுதில் துண்டித்தலும்

மின்சுற்று முறிப்பான் என்பது ஒரு சுற்றில் பாயும் மின்னோட்டத்தை ஓயாமல் உணர்ந்துகொண்டிருந்து, அது வரம்பு மீறும்போது தானாகவே சுற்றைத் துண்டிக்கும் கருவி. பேச்சு வழக்கில் சர்க்யூட் பிரேக்கர் என்கிறோம். வீட்டு மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி.க்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பக்கத்தில், சற்று அகலமாக, 'டெஸ்ட்' என்ற சிறு பொத்தானுடன் இன்னொரு கருவி இருக்கலாம். அது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு முறிப்பான். கடைகளில் பழைய பழக்கத்தால் இன்றும் இதை ஈ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எம்.சி.பி. இருக்கும் வீட்டில் ஷாக் அடித்தால் உடனே மின்சாரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. அது உண்மையன்று. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை. அதைத் தொட்டு நிற்கும் மனிதர் அதன் கணக்கில் இல்லை. ஏன் அப்படி என்பது, ஒவ்வொரு கருவியும் எதை உணர்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

உருகியிலிருந்து முறிப்பானுக்கு

தொடக்கத்தில் இந்த வேலையைச் செய்தது மின் உருகி, அதாவது பியூஸ். தாமஸ் எடிசன் 1879ஆம் ஆண்டுக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றிலேயே முறிப்பான் போன்ற ஓர் அமைப்பை விவரித்திருந்தார். எனினும் அவருடைய மின் வழங்கல் அமைப்பில் பயன்பட்டது உருகியே. இன்று நாம் காணும் சிறு முறிப்பானுக்கு முன்னோடியான கருவிக்கு 1924இல் காப்புரிமை பெற்றது பிரவுன் போவேரி நிறுவனம். அதை உருவாக்கியவராகக் குறிக்கப்படுபவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹியூகோ ஸ்டாட்ஸ்.

உருகியில் ஒரு பெரிய குறை இருந்தது. பீங்கான் பியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி உருகிப் போனால், கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது எளிது. அப்படிச் செய்தபின் அந்தச் சுற்றுக்குப் பாதுகாப்பே இல்லை. முறிப்பானில் இந்தக் குறுக்கு வழிக்கு இடமில்லை. நெம்பை மேலே தள்ளிக் கையால் அழுத்திப் பிடித்தாலும், பழுது நீடிக்கும் வரை உள்ளே இருக்கும் தொடுமுனைகள் விலகிவிடும். கட்டமைப்பு அப்படி.

வெப்பத்தால் உணர்தல்

எம்.சி.பி.க்குள் இரண்டு உணரிகள் உள்ளன. முதலாவது ஈருலோகத் தகடு. வெப்பத்தால் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. மின்னோட்டம் பாயும்போது பட்டை சூடாகிறது. ஒரு பக்கம் அதிகம் விரிவதால் பட்டை வளைகிறது. வளைவு ஓர் அளவைத் தாண்டியதும் கொக்கி விடுபட்டுச் சுற்று துண்டிக்கப்படுகிறது.

ஜூல் விதியை இங்கே நினைவுகூர வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆகவே மீறல் சிறிதானால் தகடு மெதுவாக வளையும், பெரிதானால் விரைவாக வளையும். ஐ.இ.சி. 60898 என்ற தரநிலைப்படி, 16 ஆம்பியர் முறிப்பான் ஒன்று அதன் 1.13 மடங்கான 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை தாங்கி நிற்க வேண்டும். 1.45 மடங்கான 23.2 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

ஒரு மணி நேரமா என்று மாணவர்கள் வியப்பது வழக்கம். கம்பியும் ஒரு நொடியில் எரிந்துவிடுவதில்லை. அதன் உறை சூடேறிக் கெட நேரம் பிடிக்கும். தகடு சூடேறும் வேகம், கம்பி சூடேறும் வேகத்துக்கு ஒப்ப அமைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் மோட்டார் தொடங்கும் சில கணங்களில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்கெல்லாம் முறிப்பான் விழுந்தால் யாரும் தண்ணீர் ஏற்ற முடியாது.

காந்தத்தால் உணர்தல்

குறுக்குச்சுற்றில் இந்தப் பொறுமை உதவாது. மின்னோட்டமுள்ள கம்பியும் நடுநிலைக் கம்பியும் நேராகத் தொட்டுக்கொண்டால் சுற்றின் மின்தடை மிகச் சிறிதாகிவிடும். மொத்தத் தடை 0.5 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 460 ஆம்பியர் பாயும். இதற்காகவே இரண்டாவது உணரி உள்ளது. அது ஒரு மின்காந்தச் சுருள். பெரும் மின்னோட்டம் பாய்ந்தவுடன் சுருளின் நடுவில் உள்ள இரும்புத் தண்டு வெடுக்கென இழுக்கப்பட்டுக் கொக்கியைத் தட்டிவிடுகிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு அளவு நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

எத்தனை மடங்கில் சுருள் இழுக்க வேண்டும் என்பதைப் பொறுத்து பி, சி, டி என்ற வகைகள் உள்ளன. பி வகை 3 முதல் 5 மடங்கில் விழும். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு, டி வகைக்கு 10 முதல் 20 மடங்கு. முறிப்பானின் முகப்பில் சி16 என்று இருந்தால், 80 முதல் 160 ஆம்பியருக்குள் அது உடனடியாக விழும் என்று பொருள்.

முகப்பிலேயே ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்ற எண்ணும் இருக்கும். அந்த முறிப்பான் சிதறாமல் துண்டிக்கக்கூடிய உச்ச மின்னோட்டம் அது, ஆம்பியரில். தொடுமுனைகள் விலகும்போது இடையில் மின்வில் எழும். அதை ஓர் அடுக்கு உலோகத் தகடுகளுக்குள் தள்ளிப் பல துண்டுகளாக்கிக் குளிர்வித்து அணைக்கிறார்கள். துணைமின் நிலையங்களின் பெரிய முறிப்பான்களில் இதே வேலைக்கு வெற்றிடமோ கந்தக ஹெக்சாபுளோரைடு வாயுவோ பயன்படுகிறது. அங்கே உணரும் வேலையும் தனியாகப் பிரிக்கப்பட்டு, மின்னோட்ட மாற்றி என்ற கருவியிடமும் ரிலேயிடமும் விடப்பட்டிருக்கும்.

முறிப்பானுக்குத் தெரியாத மின்னோட்டம்

இனி மனிதருக்கு வருவோம். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் ஒருவருடைய உடல் தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்ளலாம். அவர் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் உடல் வழியே தரைக்குப் பாய்வது 0.23 ஆம்பியர். ஏறக்குறைய 50 வாட் மின்விசிறி ஒன்று எடுக்கும் மின்னோட்டம் அவ்வளவுதான். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை வீட்டில் இன்னொரு மின்விசிறி சுழல்கிறது. அது விழ வேண்டிய காரணமே இல்லை.

உடலுக்கோ இது மிகப் பெரிய அளவு. 0.5 மில்லி ஆம்பியர் அளவிலேயே கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டிக் கைத்தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் மூச்சுத் தசைகளுக்கும் இதயத் துடிப்புக்கும் ஆபத்து. நம் 0.23 ஆம்பியர் என்பது 230 மில்லி ஆம்பியர்.

புவித்தொடுப்பு இருந்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. பல வீடுகளில் வீட்டுக்காரரே குழி தோண்டி எர்த் போட்டுக்கொள்கிறார். அந்த எர்த்தின் தடை 15 ஓம், தெருவில் உள்ள மின்மாற்றியின் எர்த் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டிக்குள் மின்கம்பி உடலில் பட்டுவிட்டால், 230 வோல்ட்டை 20 ஓமால் வகுக்க, 11.5 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழவே விழாது. பெட்டியின் உடலில் 11.5 ஐ 15 ஆல் பெருக்க வரும் 172.5 வோல்ட் நிற்கும், யாராவது கைவைக்கும் வரை. எர்த் போட்டிருக்கிறோம், எம்.சி.பி.யும் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில் நடக்கக்கூடியது இது.

போனதும் திரும்பியதும்

ஆர்.சி.சி.பி. மின்னோட்டம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. மின்னோட்டமுள்ள கம்பி, நடுநிலைக் கம்பி இரண்டும் ஒரு வளைய வடிவக் காந்த உள்ளகத்தின் நடுவே செல்கின்றன. இரண்டிலும் பாய்வது சமமாகவும் எதிர்த்திசையிலும் இருக்கும்போது அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். 20 ஆம்பியர் பாய்ந்தாலும் வளையத்தில் நிகரப் பாயம் சுழி.

ஒருவர் கம்பியைத் தொட்டால் ஒரு பகுதி மின்னோட்டம் அவர் வழியே தரைக்குப் போகும், நடுநிலைக் கம்பியில் திரும்பாது. அந்த வேறுபாட்டின் அளவுக்கு வளையத்தில் காந்தப்பாயம் தோன்றும். வளையத்தில் சுற்றிய மெல்லிய சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, நுண்ணிய ரிலே ஒன்று கொக்கியை விடுவிக்கும். 30 மில்லி ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட கருவி 15க்குக் கீழே விழக்கூடாது, 30ஐ எட்டினால் 0.3 நொடிக்குள் விழுந்தாக வேண்டும். அந்த அளவைப்போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள். மேலே சொன்ன குளிர்பதனப் பெட்டியில் பழுது ஏற்பட்ட அந்தக் கணத்திலேயே 11.5 ஆம்பியர் வேறுபாடு தோன்றுவதால், யாரும் தொடுவதற்கு முன்பே சுற்று துண்டிக்கப்பட்டுவிடும்.

இவ்வளவு நுணுக்கமான கருவி சுரங்கத்திலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின்விபத்துகள் பெரும் கவலையாக இருந்தன. அங்கே ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல் 250 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் அமைப்பையும், அடுத்த ஆண்டு 20 மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவை உணரும் முன்மாதிரியையும் உருவாக்கினார். அதற்கு முந்தைய அமைப்புகள் 10 ஆம்பியர் அளவில்தான் உணர்ந்தன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், கை விட முடியாமல் போகும் மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தவர். 1961இல் அவர் வடிவமைத்த கருவியின் வழிவந்தவை அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியருக்கே துண்டிக்கின்றன.

இதன் எல்லைகள்

ஒருவர் ஒரு கையால் மின்னோட்டமுள்ள கம்பியையும் மறு கையால் நடுநிலைக் கம்பியையும் பிடித்தபடி, உலர்ந்த மர நாற்காலிமேல் நின்றால் ஆர்.சி.சி.பி. விழாது. போனது அனைத்தும் திரும்பி வந்துவிடுகிறதே. மிகைச்சுமையும் குறுக்குச்சுற்றும்கூட இதற்குத் தெரியாது. ஆகவே எம்.சி.பி.க்கு மாற்றாக இதைப் போட முடியாது. இரண்டும் வேண்டும், அல்லது இரண்டையும் ஒன்றாக்கிய ஆர்.சி.பி.ஓ. வேண்டும். வாங்கும்போது ஏ.சி. வகையா, ஏ வகையா என்றும் பார்க்க வேண்டும். மின்னணுச் சாதனங்களிலிருந்து கசியும் துடிப்பு நேர்மின்னோட்டத்தை ஏ வகை உணரும், ஏ.சி. வகையை அதற்கு நம்ப முடியாது.

டெஸ்ட் பொத்தான் ஒரு சிறு மின்தடை வழியே வேண்டுமென்றே சமனின்மையை உண்டாக்குகிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று பொருள். வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது.

அடிக்கடி விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம் கருவியில் இல்லை. ஈரம் புகுந்த வாட்டர் ஹீட்டர் சுருளில் இருக்கலாம். இன்வெர்ட்டர் போடும்போது அதன் நடுநிலைக் கம்பியை வேறு சுற்றின் நடுநிலையோடு சேர்த்து முடிந்திருக்கலாம். அப்படிச் சேர்த்தால் ஒரு வழியே போன மின்னோட்டம் வேறு வழியே திரும்பும். வளையத்துக்கு அது கசிவாகவே தெரியும்.

கண்டுபிடிக்க, எல்லா எம்.சி.பி.க்களையும் அணைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பின் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. ஒரு சுற்றை அணைத்தும் விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருந்தால், நடுநிலைக் கம்பி எங்கோ எர்த்தில் படுகிறதா என்று ஐயுற வேண்டும். ஒற்றை முனை எம்.சி.பி. நடுநிலைக் கம்பியைத் துண்டிப்பதில்லை. அந்தத் தேடலுக்கு மின்காப்புச் சோதனைக் கருவி வைத்திருக்கும் உரிமம் பெற்ற மின்பணியாளர் தேவை.