புகைக்குழாயின் மூட்டுக்கள்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது எது என வினவின், புகைக்குழாய் என்றே விடை கூறல் வேண்டும். அது வண்டியின் அடியிற் கிடப்பது. சேற்றையும் நீரையும் கல்லடியையும் தாங்குவது. அதன் மூட்டொன்று தளர்ந்து ஒலி எழும்பும்பொழுதே பலர் அதனை நினைக்கின்றனர். அப்பொழுதும், "சத்தந்தானே, பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுவோர் உளர். சத்தம் மட்டுமே வெளிவருவதாயின் அதிற் பெரும் பிழையில்லை. ஆனால் சத்தம் வரும் வழியால் நஞ்சும் வருகின்றது.

பெற்றோல் எரியும்பொழுது உண்டாகும் வாயுக்களுட் காபனோரொட்சைட்டும் ஒன்று. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஈமோகுளோபின். அதுவோ ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் காபனோரொட்சைட்டைப் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்றிற் சிறிதளவு கலந்திருப்பினும், நேரஞ் செல்லச் செல்ல உடல் ஒட்சிசனின்றி வாடும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அயர்ச்சி என்பன அதன் குறிகள். நெடும்பயணத்திற் பின்னிருக்கையிலே குழந்தை அயர்ந்து கிடப்பதைக் கண்டு, களைப்பினால் உறங்குகின்றதெனத் தாய் எண்ணலாம். அது துயிலா, நஞ்சின் மயக்கமா என்பதை முகத்தைப் பார்த்து அறிதல் எளிதன்று. அடித்தட்டிற் கறள் தின்ற சிறு துளையொன்றே இவ்வாயு உள்ளே புகப் போதுமானது.

மூட்டுக்கள் ஏன் தளர்கின்றன? இயந்திரம் ஓடும்பொழுது அதிர்கின்றது; அதனோடு பொருந்திய குழாயும் அதிர்கின்றது. குழாயின் மறுமுனையோ வண்டியின் உடலில் தொங்குகின்றது. அன்றியும், குழாய் சூட்டினால் நீண்டு, குளிர்ந்ததும் சுருங்குகின்றது. இவ்விழுபறி முழுவதையும் தாங்குவன மூட்டுக்களே. குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர் உள்ளிருந்து கறள் பிடிக்கச் செய்து அவற்றை மேலும் நலிவிக்கின்றது.

கசிவைக் கண்டறிதல் கடினமன்று. காலையில் இயந்திரத்தை முடுக்கியவுடன் "டிக் டிக்" என்னும் ஒலி கேட்டு, சூடேறியபின் அது குறையுமாயின், இயந்திரத்தை ஒட்டிய மூட்டை ஐயுறலாம். உலோகம் விரிந்து இடைவெளியை ஒருவாறு அடைப்பதே ஒலி குறைவதற்குக் காரணம். மூட்டைச் சூழ்ந்து கரி படிந்திருப்பதும் நல்ல சான்று. குழாய் குளிர்ந்திருக்கையிற் சவர்க்கார நீரை மூட்டிற் பூசி இயந்திரத்தை முடுக்கினால், கசியும் இடத்திற் குமிழிகள் எழும். இச்சோதனையைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். கதவடைத்த கொட்டகையில் ஒருபோதும் செய்தலாகாது.

திருத்தும் வேலையை இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே தொடங்குக. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துக. ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழைதல் உயிருக்கு உலைவைப்பதாகும். கறள் பிடித்த ஆணிகளுக்கு முதல்நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் அவை முறியாமற் கழலும்.

மூட்டு இரு தட்டுக்கள் பொருந்தும் வகையினதாயின், அவற்றின் இடையிலுள்ள பழைய காஸ்கெற்றை நீக்கிப் புதியதை இடுக. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. பழைய வண்டிகளின் காஸ்கெற்றில் அஸ்பெஸ்ரஸ் இருத்தல் கூடும். அதனைச் சுரண்டித் தூள் பறக்கவிடாது, நனைத்தே அகற்றுக. தட்டுக்களின் முகங்களைத் துப்புரவாக்கிய பின் ஆணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்குக. ஒரு பக்கத்தை முற்றாக இறுக்கினால் மறுபக்கம் வாய் திறக்கும். ஒன்றனுள் மற்றொன்று செருகும் குழாய்களாயின், மூட்டுப்பசை பூசிக் கவ்வியால் இறுக்கலாம். அளவு மீறின் குழாய் நசுங்கி வட்டம் கெடும். முதல் ஓட்டத்தின்பின் ஆறவிட்டு, ஆணிகளை மீண்டும் ஒருமுறை சோதித்தல் நன்று. தகரத்தைச் சுற்றிக் கம்பியாற் கட்டுவது வீடு சேரும்வரைக்குமான உபாயமேயன்றித் திருத்தமன்று.

திருத்திய மூட்டே மீண்டும் மீண்டும் கசியுமாயின், பிழை மூட்டில் இல்லை. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி இதற்குத் தக்க சான்று. அதன் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டது. வேகங் கூட்டும்போதும் குறைக்கும்போதும் முன்னும் பின்னும் சாயும் இயல்பினது. அச்சாய்வைத் தடுக்கச் சிறு தண்டொன்றும் அதன் முனைகளில் றப்பர் வளையங்களும் உண்டு. வளையங்கள் தேய்ந்ததும் இயந்திரம் கட்டின்றி ஆட, புகைக்குழாயின் முதல் மூட்டு தளரும். அவ்வண்டியின் மூட்டை எத்தனை முறை இறுக்கினாலும் பயனில்லை. மலிவான அவ்வளையங்களை மாற்றினாலன்றிக் கசிவு நில்லாது. ஏனைய வண்டிகளிலும் இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்களையும், குழாயைத் தொங்கவிடும் பிடிகளையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

இக்கால வண்டிகளிற் புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணர்கருவி உண்டு. அதற்கு முன்னுள்ள மூட்டிற் கசிவிருப்பின் வெளிக்காற்று உட்புகுந்து கருவியை ஏமாற்றும். இயந்திரம் வேண்டியதற்கு மேலாகப் பெற்றோலை எரிக்கும். ஆகவே பொருளிழப்பும் சேர்கின்றது.

பயணத்தினிடையே தலையிடியும் அயர்ச்சியும் ஒருங்கே தோன்றின், வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்து, யாவரும் வெளிக்காற்றுக்கு வருதலே முதற்கடமை. மயங்கினோரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் வாயு போய்விடும் எனக் கருதுதல் தவறு. ஓடும் வண்டியின் பின்புறத்திற் சுழலும் காற்று புகையை உள்ளேயே இழுத்து வரும். புகைக்குழாய் செய்யும் தொழில் ஒன்றே: நஞ்சை மனிதரிடமிருந்து தொலைவிற் கொண்டுசென்று விடுதல். அத்தொழில் நடைபெறுகின்றதா எனக் காலையில் ஒரு கணம் செவிகொடுத்துக் கேட்பதற்குச் செலவேதும் இல்லை.