'போலிச் சாமியார்' என்னும் சொல்லாட்சியும் வெளியேறியோர் சாட்சியமும்: பிரேமானந்தா வழக்கை முன்வைத்து

திறவுச்சொற்கள்: புலனாய்வு இதழியல், சமய நிறுவனம், சாட்சியம், பிரேமானந்தா, சயின்டாலஜி

சமய நிறுவனங்களுக்குள் நிகழும் கொடுமைகளைத் தமிழ் இதழ்கள் எழுதும்போது 'போலிச் சாமியார்' என்னும் தொடர் பெரும்பாலும் இடம்பெறுகிறது. குற்றத்தைத் தனிமனிதர் ஒருவரின் பொய்வேடமாகச் சுருக்கும் இத்தொடர், அக்குற்றத்துக்கு இடமளித்த நிறுவன அமைப்பை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்து 1974-இல் பிரிக்கப்பட்டது புதுக்கோட்டை மாவட்டம். காவிரிப் படுகையின் தென்விளிம்பை ஒட்டிய இப்பகுதியில், பாத்திமா நகரில், பிரேமானந்தாவின் ஆசிரமம் 1989-இல் அமைந்தது. இலங்கை மாத்தளையைச் சேர்ந்த அவர், 1983 இனக்கலவரத்துக்குப்பின் தமிழகம் வந்தவர். அவருடன் வந்தோரில் ஆதரவற்ற சிறுமியரும் இருந்தனர். அச்சிறுமியர்க்கு அவர் குரு மட்டும் அல்லர். உணவும் உறைவிடமும் அளித்த காப்பாளர். அயல்மண்ணில் அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. இந்தச் சார்புநிலையே வழக்கின் மையம். 1994-இல் ஆசிரமத்தினின்று தப்பி வெளியேறியோர் கூறியவற்றிலிருந்தே செய்திகளும் வழக்கும் தொடங்கின.

புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி 1997 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். சிறுமியர் பதின்மூவரை வன்புணர்ந்தமைக்கும் ஆசிரமவாசி ஒருவரின் கொலைக்கும் பிரேமானந்தா இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். உடனிருந்தோர் சிலரும் தண்டிக்கப்பட்டனர். ஒரு வேடதாரியின் கதையாக மட்டும் இதனைப் படிக்க இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று. வெளியேறியோர் பகைமையால் பொய்யுரைக்கின்றனர் என்பது இத்தகைய வழக்குகளில் வழக்கமாக எழும் மறுப்பு. இங்கோ, கலைக்கப்பட்ட கருவின் மீது ஐதராபாத்தில் நிகழ்த்திய மரபணுச் சோதனை வாய்மொழிச் சாட்சியத்துக்கு வலுச்சேர்த்தது. உச்சநீதிமன்றம் 2005-இல் தண்டனையை உறுதிசெய்தது. பிரேமானந்தா 2011-இல் இறந்தார்.

அமெரிக்காவில் சயின்டாலஜி குறித்த புலனாய்வும் வெளியேறியோரையே பெரிதும் சார்ந்தது. அவ்வமைப்பைப் பற்றிய செய்திகளுக்காகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் 1980-இல் புலிட்சர் பரிசு பெற்றது. முன்னாள் உயர்நிலை நிருவாகிகளின் குற்றச்சாட்டுகளை அதே நாளிதழ் 2009-இல் வெளியிட்டது. அமைப்பு அவற்றை மறுத்தது. டைம் இதழின் 1991 கட்டுரைக்கு எதிராக அவ்வமைப்பு 41.6 கோடி டாலர் கோரித் தொடுத்த அவதூறு வழக்கு, 1996-இல் தள்ளுபடியானது. 2001-இல் மேல்முறையீடும் தோற்றது. பாத்திமா நகரில் குற்றவியல் நீதிமன்றம் ஆற்றிய மெய்ப்பிக்கும் பணியின் பெரும்பகுதி அங்கே இதழாளர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் துணைச்சான்று தேடும் கட்டாயத்தால், அவர்களின் எழுத்து தனிமனிதரைக் கடந்து நிதி, ஒழுங்குமுறை, தண்டனை என்னும் உள்ளமைப்பை நோக்கி நகர்ந்தது. 'போலி' என்ற ஒரே சொல்லில் தமிழ்ச் செய்தி கடந்துபோவது இவ்வுள்ளமைப்பைத்தான்.

இவ்வழக்கைப் பழைய இதழ்கள்வழி ஆராய்வோர் கருத்தில் கொள்ளவேண்டியது இன்னொன்றும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு 1983 முதலே தடைசெய்திருந்தது. அச்சில் முன்பே வந்துவிட்டது என்பது ஆய்வேட்டில் ஒரு பெயரை மீண்டும் எழுதக் காரணமாகாது.