ஒரு தோட்டாவுக்குள் எத்தனை செலவு?



பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 வரை இருக்கும் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை சென் மாக்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததுதான். அன்று துரைமாருக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு.

இன்று பொழுதுபோக்குக்காக யானையைச் சுடச் சட்டம் இடம் தராது. துவக்கு வைத்திருக்கவும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறும்போது கமக்காரர் தேடுவது 12 போர் தோட்டாவை. இலக்குப் பார்த்துச் சுடும் விளையாட்டு வீரருக்கும் அதேபோலத் தோட்டாதான் தேவை.

ஒரு தோட்டாவுக்குள் பித்தளை அடி, தீப்பொறி எழுப்பும் கேப், வெடிமருந்து, அடைப்பு, ஈய ரவை எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெடிக்காது, அல்லது குறி தவறும். 2020இல் கொவிட் பரவியபோது அமெரிக்காவில் மக்கள் வாங்கிக் குவித்ததில் தோட்டாவுக்கும் கேப்புக்கும் கடும் தட்டுப்பாடு வந்தது. 2022இல் நம் நாட்டில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐ எட்டியது. தோட்டாவாயினும் அதன் பாகமாயினும், இறக்குமதிப் பொருள் எதற்கும் ரூபாய்க் கணக்கில் விலை எகிறியது.

துவக்கு உரிமையாளர்களே, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறவாதீர்கள்.