பழைய கணிப்பொறிக்குப் புதிய வன்தட்டு

ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலம் வட்டாரத்திலும், ஏனைய ஊர்களைப் போலவே, பத்தாண்டு கடந்த கணிப்பொறிகள் காரியாலயங்களிலும் விவசாயிகளின் இல்லங்களிலும் இருந்து வருகின்றன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின்கீழ் மாநில அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளும் இத்தகையனவே. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை விழிப்பதில்லை என்பது பலரும் கூறும் குறை. காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால், பல சமயங்களில் மூப்படைந்தது யந்திரம் முழுவதுமன்று. அதனுள்ளிருக்கும் ஓர் உறுப்பே ஆகும்.

கடைக்காரர்கள் ஹார்டு டிஸ்க் என்று கூறும் வன்தட்டே அவ்வுறுப்பு. அதனுள் கண்ணாடிபோல் மெருகேற்றிய வட்டத் தகடுகள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல நுண்ணிய முனையொன்று, தகட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறுகிய இடைவெளியில் அதன்மேல் மிதந்து செல்கிறது. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவ்வளவு பெரிய பொறி தாங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துக்களே! இன்று அதனினும் பன்மடங்கு உள்ளங்கையில் அடங்குகிறது. எனினும், சுழலும் பொருள் தேய்வது இயல்பு. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்புப் பெட்டியிலோ சுழல்வது எதுவுமில்லை. ஆகவே வேகமும் மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றலும் மிகுதி. இதனை மாற்றும் செலவு புதுக் கணிப்பொறியின் விலையில் ஒரு பகுதியே.

வேகத்தைவிட முக்கியமானது வேறொன்று. பஞ்சாயத்துக் கணக்குகளிற் பல இன்று இணையத்தின் வாயிலாக வெளிச் சேமிப்பிற்குச் சென்றுவிடுகின்றன. ஆனால் தட்டெழுதிய கிராம சபைத் தீர்மானங்கள், குடிநீர் இணைப்புப் பட்டியல், பணிகளின் புகைப்படங்கள், அனுப்பிய கடிதங்கள் முதலியன பெரும்பாலும் அந்த ஒரே தட்டில்தான் தங்கியுள்ளன. தட்டு நின்றுபோனால் அவையும் போயின.

எனவே தட்டை மாற்றுமுன் அதனைப் பிரதி எடுத்தல் வேண்டும். பதிவேட்டிலிருந்து வேண்டிய பதிவுகளை மட்டும் எடுத்தெழுதுவது ஒன்று. பக்க எண், அடித்தல், திருத்தல் யாவும் உட்பட முழுப் பதிவேட்டையும் பெயர்த்தெழுதுவது மற்றொன்று. பின்னதையே குளோனிங் என்கின்றனர். கோப்புகளை மட்டும் நகல் செய்தால் கணிப்பொறி தானாக எழும்பாது. முழுப் பிரதியில் அது எழும்புவதற்கான குறிப்புகளும் சேர்ந்தே வந்துவிடும். தைவானில் உருவான குளோன்ஸில்லா என்னும் இலவச மென்பொருள் இதற்கு உதவும். அதனைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம். புதுப் பெட்டியை யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் வெளியே பொருத்தினாற் போதும். அதன் கொள்ளளவு பழையதற்குக் குறையாதிருத்தல் நலம். வேலூருக்கோ ஆரணிக்கோ வாங்கச் செல்பவர்கள் பழைய தட்டின் இணைப்பு முனையைப் படமெடுத்துச் செல்வார்களாக. மிகப் பழைய கணிப்பொறிகளின் அகன்ற பட்டைக் கம்பியில் இன்றைய சாட்டா முனை பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எது மூலம், எது பிரதி என்பதை மென்பொருள் கேட்கும்போது ஊழியர் இருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வெற்றுத் தட்டின் வெறுமை பழைய தட்டின்மேல் பதிந்து, அனைத்தும் அழியும். அளவும் பெயரும் திரையில் தோன்றும். இரண்டையும் முன்னரே தாளில் குறித்துக்கொள்வது நல்லது. இவ்வேலை மணிக்கணக்கில் நீளக்கூடும். இடையில் மின்சாரம் நின்றால் பிரதி அரைகுறையாகிவிடும், ஆதலால் யு.பி.எஸ். உள்ள இடத்திலேயே செய்க. பிரதி முடிந்தபின் மின்னிணைப்பைத் துண்டித்து, மடிக்கணினியாயின் மின்கலத்தையும் நீக்கிய பிறகே திருகாணிகளைக் கழற்ற வேண்டும்.

தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை எழுந்தால் நிலைமை வேறு. அது சாகுந்தறுவாயின் அறிகுறியாகும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது கேட்டையே விளைவிக்கும். உடனே நிறுத்திவிட்டு, பழுதற்ற பகுதிகளை முதலில் எடுத்துப் பழுதானவற்றை இறுதியில் முயலும் டிடிரெஸ்கியூ போன்ற மென்பொருளை அறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிரதியில் நன்மை மட்டும் வருவதில்லை. பழைய தட்டில் வைரஸ் இருந்தால் அதுவும் உடன் குடியேறும். விண்டோஸ் 7 இருந்தால் அதுவே தொடரும். அதற்கான பாதுகாப்பு உதவியை அந்நிறுவனம் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் நிறுத்திவிட்டது. இத்தகைய யந்திரங்களில் கோப்புகளை மட்டும் காத்துக்கொண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவுதலே தக்கது என்பது நமது கருத்து.

கழற்றிய தட்டின்மேல் தேதியும் காரியாலயத்தின் பெயரும் எழுதி, சில மாதங்கள் பீரோவில் பூட்டி வைக்கலாம். புதியது ஒழுங்காக இயங்குகிறதெனத் தெளிந்த பின்னும் அதனை அப்படியே விற்றுவிடலாகாது. பயனாளிகளின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கக்கூடும். சாதாரணமாக அழிப்பதால் அவை உண்மையில் மறைவதில்லை. தட்டு முழுவதும் வேறு எழுத்துக்களைப் பதித்தோ, இயங்காததாயின் தகடுகளில் துளையிட்டோ, அதன் பின்னரே அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்திடம் சேர்ப்பிக்க வேண்டும்.